தாழ்தளப் பேருந்து: வண்டிக்கு முழு மதிப்பெண், நிறுத்தத்துக்குப் பூஜ்யம்

"அந்த உயரம் கம்மியான பஸ்ஸு எப்படிடி இருக்கு? ஸ்கூட்டியை வித்துட்டு மாசப் பாஸ் எடுத்துடலாமான்னு பாக்கறேன். அம்மாவையும் அதுலயே செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்ல?" போன வாரம் பள்ளித்தோழி ஒருத்தி கேட்டாள். வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்லத் தொடங்கினேன். நடுவில் கோபம் வந்து பேச்சு எங்கெங்கோ போனது. "எழுதியே அனுப்பிடு தாயே" என்று கும்பிடு பொம்மை போட்டாள். அவளுக்காக எழுதினேன், மற்றவர்களுக்கும் உதவட்டும்.

வண்டி விவரமெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சென்னையில் தாழ்தள டீசல் வண்டிகள் 2024 ஆகஸ்டில் வரத் தொடங்கின. மின்சார வண்டிகள் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120, அதே ஆண்டு ஆகஸ்டில் பெரும்பாக்கத்திலிருந்து இன்னும் 135, அதில் 55 ஏ.சி. முதல் கட்டத்தில் மொத்தம் 625 மின்சார வண்டிகள் என்பது திட்டம். என்ன நிறம், யார் கொடியசைத்தார்கள் என்பதை எல்லாம் விட்டுவிடுகிறேன். நான் துரைப்பாக்கத்தில் ஏறிச் சைதாப்பேட்டையில் இறங்குகிறவள். காலை எட்டரை மணிக்கு ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) வருவது டீசலா, மின்சாரமா, பழைய வண்டியா என்று பொறுக்கி ஏறும் சொகுசெல்லாம் கிடையாது. வந்ததில் ஏறுவேன். அதனால் மூன்று வகையையும் ஒரே வாரத்தில், சில சமயம் ஒரே நாளில், மாற்றி மாற்றிப் பார்த்தாகிவிட்டது. வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, வலது மூட்டில் தேய்மானம். இந்த மதிப்புரைக்கு அந்த மூட்டுதான் முக்கியமான கருவி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல மனம் வராது.

பழைய வண்டியின் தரை சாலையிலிருந்து ஏறக்குறைய 900 மி.மீ. உயரம், அதாவது மூன்று அடி. அதை எட்டுவதற்கு வாசலிலேயே செங்குத்தாகப் படிகள். கைப்பையைத் தோளுக்கு ஏற்றி, புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்து, இன்னொரு கையால் கம்பியைத் தேடி, வலது கால் தாங்காது என்பதால் இடது காலை முதலில் தூக்கி வைத்து, உடம்பை இழுத்து மேலே போடவேண்டும். அதற்குள் பின்னாலிருந்து "சீக்கிரம் ஏறும்மா" என்று ஒரு குரல், முன்னால் விசில், வண்டி நகர ஆரம்பித்திருக்கும். வருஷக்கணக்கில் காலையும் மாலையும் செய்த வேலை இது. புது வண்டியின் தரை 400 மி.மீ. வாசலில் படியே இல்லை. நேராக உள்ளே நடந்துவிடலாம். முதல் தடவை நடந்து நுழைந்தபோது கை தானாகக் கம்பியைத் தேடிப் போனது. தேவையே இருக்கவில்லை. எனக்குப் பின்னால் ஏறிய கர்ப்பிணிப் பெண்ணும் அப்படியே நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு தாத்தா குடையைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு, யாரும் கைகொடுக்காமல் ஏறிவிட்டு, சாதித்த முகத்தோடு சுற்றிலும் பார்த்தார். ஏறுகிறவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் நிறுத்தத்தில் வண்டி நிற்கும் நேரமும் குறைகிறது. இதை நான் கடிகாரம் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் படிக்கட்டில் திணறும் கூட்டம் இல்லாத வாசலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கதவு மூடிக்கொள்வது இன்னொன்று. கதவு மூடாமல் வண்டி கிளம்புவதில்லை. படிக்கட்டில் தொங்கும் பையன்களைப் பார்த்துப் பதறும் வேலை இந்த வண்டியில் இல்லை.

இது யாருக்கோ தானாகத் தோன்றி வாரிக்கொடுத்த வசதி என்று நினைத்துவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அதன் 41-ஆம் பிரிவு போக்குவரத்தைப் பற்றியது. பேருந்தும் நிறுத்தமும் நிலையமும் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்கவேண்டும் என்பது சாரம். அதற்குப் பிறகும் அரசுத் தரப்பில் உயரமான வண்டிகளையே வாங்கப் போனார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் அவர்களுடைய உரிமைக்காக நிற்பவர்களும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் வழக்காடினார்கள். சாலை சரியில்லை, மழைத்தண்ணீர் தேங்கும், விலை அதிகம் என்றெல்லாம் எதிர்த்தரப்பில் காரணம் சொன்னார்கள். கடைசியில் ஜெர்மானிய வளர்ச்சி வங்கியான கே.எஃப்.டபிள்யூ.வின் கடனுதவியில் 552 தாழ்தள டீசல் வண்டிகளுக்கு வழி பிறந்தது. சென்னைக்கு 352, மதுரைக்கும் கோவைக்கும் தலா 100. சக்கர நாற்காலிக்காரர்கள் போராடி வாங்கிய வண்டியில் என் மூட்டு தினமும் சொகுசாகப் போய்வருகிறது. கர்ப்பிணியும் குடைத் தாத்தாவும் புத்தகமூட்டை சுமக்கும் மூன்றாம் வகுப்புப் பையனும் அப்படித்தான். ஒரு நகரத்தில் யாருக்கு ஏறுவது மிகக் கஷ்டமோ அவரை வைத்து வண்டியை வடிவமைத்தால் மற்ற எல்லோரும் இலவச இணைப்பாகப் பிழைத்துக்கொள்கிறோம். அந்த மனுதாரர்களுக்கு என் மூட்டின் சார்பில் ஒரு கும்பிடு.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் சத்தமின்மை. மின்சார வண்டியில் ஏறிய புதிதில் எனக்குக் காதடைப்போ என்று சந்தேகமே வந்துவிட்டது. சிக்னலில் நிற்கும்போது ஜன்னல் கிலுகிலுக்கவில்லை, இருக்கை உதறவில்லை. டீசல் இன்ஜினோடு போட்டி போட்டுக் கத்திப் பழகிய கண்டக்டர்கள் அதே குரலில் "டைடல் பார்க் இறங்கறவங்க" என்று கூவும்போது வண்டி மொத்தமும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறது. இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இன்ஜின் இத்தனை காலம் அமுக்கி வைத்திருந்த சத்தமெல்லாம் இப்போது வெளியே வந்துவிட்டது. நாலு போனில் நாலு ரீல்ஸ். கடன் தவணை கேட்கும் குரல். பக்கத்து இருக்கைப் பெண்ணின் கல்யாண மண்டப அட்வான்ஸ் தகராறு எனக்கு ஆதியோடந்தமாகத் தெரியும். முடிவு மட்டும் தெரியாது, மத்திய கைலாஷில் இறங்கிவிட்டாள்.

சத்தமில்லாத வண்டியால் கஷ்டப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் நிறுத்தத்துக்கு வரும் பார்வையற்ற இளைஞர் ஒருவர் இன்ஜின் உறுமலை வைத்தே பேருந்து வருகிறதென்று கண்டுபிடித்து முன்னால் வந்து நிற்பார். "என்ன நம்பர்ங்க?" என்று மட்டும் பக்கத்தில் கேட்பார். மின்சார வண்டி வந்து நிற்பது அவருக்கு மற்றவர்கள் ஓடும் காலடிச் சத்தத்தில்தான் தெரிகிறது. வண்டிக்குள் அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கும் ஒலிபெருக்கி இருக்கும்போது, வாசலுக்கு வெளியே தடம் எண்ணைச் சொல்ல இன்னொன்று வைப்பது பெரிய விஞ்ஞானமா? வெளியே நிற்கிறவரும் பயணிதான், இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை அவ்வளவுதான்.

சரி. இப்போது அந்த ஒரு விஷயம்.

வண்டி நிறுத்தத்தில் நிற்பதில்லை. நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. நடைபாதை விளிம்புக்கும் வண்டி வாசலுக்கும் நடுவே நாலு அடி, ஐந்து அடி, சில நாள் ஒரு ஆட்டோ போகும் அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளியில் ஆட்டோ போகவும் செய்கிறது.

இதில் என்ன பெரிய குறை என்று கேட்பவர்களுக்காக அளவுகளோடு சொல்கிறேன். தாழ்தளம் என்ற யோசனை முழுவதும், நிறுத்தத்தில் ஒரு மேடை இருக்கும், வண்டி அதை ஒட்டி நிற்கும் என்ற நம்பிக்கையில் உருவானது. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி, நடைபாதை 150 மி.மீ.க்கு மேல் உயரக்கூடாது என்கிறது. அந்த 150-இல் நின்றுகொண்டு 400-இல் இருக்கும் தரைக்குக் காலெடுத்து வைத்தால் ஏறவேண்டியது 250. வண்டி தன் இடப்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தால் (அந்த வசதியும் இருக்கிறது) இன்னும் குறையும். கிட்டத்தட்ட வீட்டு மாடிப்படிதான். ஆனால் வண்டி தள்ளி நின்றால்? 150 கீழே இறங்கி, சாலையில் நடந்து, மறுபடி 400 ஏறவேண்டும். பழைய வண்டியின் முதல் படியும் ஏறத்தாழ அதே உயரம்தான். கோடிக்கணக்கில் செலவழித்து, கோர்ட்டுக்கெல்லாம் போய் வந்து, இறக்கிய தரையை அந்த நாலு அடி இடைவெளி மறுபடி 150 ஏற்றிவிடுகிறது. என் மூட்டுக்கு இது காகிதக் கணக்கு இல்லை. நடைபாதையை ஒட்டி வண்டி நின்ற நாளும் தள்ளி நின்ற நாளும் ராத்திரி தைலம் தேய்க்கும்போது தனித்தனியாகத் தெரியும்.

சக்கர நாற்காலிக்கு இன்னும் மோசம். நடுவாசலில் விரிக்கிற சாய்தளப் பலகை ஒன்று இருக்கிறது. பலகை ஒரு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதையிலிருந்து விரித்தால் நாலுக்கு ஒன்று சாய்வு, அதாவது நாலு அடி நீளத்துக்கு ஒரு அடி ஏற்றம். அதுவே கடினம், ஆனால் ஒருவர் பின்னாலிருந்து தள்ளினால் ஏறிவிடலாம். சாலையிலிருந்து விரித்தால் இரண்டரைக்கு ஒன்று. கட்டடங்களில் நிரந்தரச் சாய்தளத்துக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று என்பது விதி. சைதாப்பேட்டையில் ஒருமுறை பார்த்தேன். நாற்காலியில் முப்பது வயதுக்காரர். கண்டக்டர் இறங்கி வந்து முகம் சுளிக்காமல் பலகையை விரித்தார். பலகை போய் நின்றது தார்ச்சாலையில். இரண்டு பேர் பின்னால் தள்ள, ஒருவர் முன்னால் இழுக்க, நாற்காலி பின்பக்கமாகச் சாயப் போய், எல்லோரும் "ஏய் ஏய்" என்று கத்த, ஒருவழியாக உள்ளே போனார். அவர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். அந்த நன்றியைக் கேட்கத்தான் எனக்கு எரிச்சலாக வந்தது. தானாக உருண்டு ஏறிப் போகவேண்டியவர் ஏன் நாலு பேருக்கு நன்றி சொல்லவேண்டும்?

டிரைவர்களைத் திட்டி ஒரு பத்தி எழுதுவதாகத்தான் இருந்தேன். ஆனால் முன் இருக்கையில் உட்கார்ந்து அவர் கண் போகும் திசையில் பார்த்துக்கொண்டு வந்தால் திட்ட முடியவில்லை. நிறுத்தத்துக்கு முன்னால் டீக்கடைக்கு வந்தவர்களின் பைக் வரிசை. அதை அடுத்து ஷேர் ஆட்டோ, பேருந்துக்காக நிற்கும் அதே கூட்டத்தை வலைபோட்டுப் பிடிக்க. அதற்கும் அடுத்து, யாரோ உடைத்துப் போட்ட நடைபாதைக் கல். பன்னிரண்டு மீட்டர் வண்டியை அந்தச் சந்தில் நுழைத்து ஒட்டி நிறுத்தினால் பின்பக்கம் சாலையில் நீட்டிக்கொண்டு நிற்கும், பின்னால் ஹாரன் கச்சேரி தொடங்கிவிடும். மறுபடி வெளியே எடுக்கும்போது எந்தக் கார்க்காரரும் வழிவிடமாட்டார். வெளியிலேயே நிறுத்திவிட்டுப் போவதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம். மின்சார வண்டிகள் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தில் ஓடுகின்றன. டிரைவர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள், கண்டக்டர் அரசு ஆள். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அளக்கிறார்கள். நடைபாதையிலிருந்து எத்தனை அங்குலத்தில் நின்றது என்று யார் அளக்கிறார்கள்? எதற்குக் காசோ அதுதான் நடக்கும். அதனால் டிரைவருக்கு மன்னிப்பு. ஒட்டி நிறுத்துகிற சில பேர் இருக்கிறார்கள், அதிலும் ஒருவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓரத்தைத் தடவிக்கொண்டு வந்து நிறுத்துவார். அவர் வண்டி வந்தால் அன்றைய நாள் நல்ல நாள்.

ஓ.எம்.ஆரில் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடப்பதால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நிறுத்தம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். தடுப்பு வேலி ஒரு பக்கம் விரியும், நிழற்குடை வேலிக்கு உள்ளே போய்விடும், பேருந்து எங்கேயோ முன்னால் போய் நிற்கும், கூட்டம் பின்னாலேயே ஓடும். வேலி போட்டது யார், நிறுத்தத்தின் பெயர்ப்பலகையை எடுத்தது யார் என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. மெட்ரோ வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வந்தால் முதல் ஆளாக ஏறுவேன். ஆனால் நாளைக்கு வரப்போகிற பயணிக்காக இன்றைக்கு நிற்கிற பயணியை வேலிக்கு வெளியே நிறுத்தினால், அவள் அதற்குள் ஸ்கூட்டி வாங்கிவிடுவாள். ஸ்கூட்டி வாங்கியவள் திரும்பி வருவது கஷ்டம்.

மழைக்காலத்தில் இந்த இடைவெளி குளமாகிவிடும். நடைபாதை ஓரம்தானே பள்ளம், தண்ணீர் அங்கேதான் தேங்கும். போன ஐப்பசியில் வண்டி வழக்கம்போலத் தள்ளி நின்றது, நான் இறங்கி வைத்த கால் முழங்கால் வரை போனது. கீழே கல் பெயர்ந்திருக்கிறது என்று தண்ணீருக்கு மேலே எப்படித் தெரியும்? செருப்பு ஒன்று போனது, மூட்டு பத்து நாள் போனது. வண்டிக்குள்ளே ஏ.சி., சார்ஜிங் வசதி, கண்காணிப்புக் கேமரா. இறங்கினால் கூவம்.

இதை உலகத்தில் யாரும் தீர்க்கவில்லையா என்றால், தீர்த்து ரொம்ப நாளாகிறது. பிரேசிலின் குரிட்டிபாவில் வண்டியைத் தாழ்த்தவே இல்லை. 1991-இல் நிறுத்தத்தை உயர்த்திவிட்டார்கள். கண்ணாடிக் குழாய் வடிவ நிலையம், உள்ளே நுழையும்போதே கட்டணம், வண்டி வந்ததும் வாசலிலிருந்து ஒரு பாலப்பலகை மேடையில் விழும், மக்கள் சமதரையில் நடந்து ஏறுவார்கள். 2009-இல் தொடங்கிய அகமதாபாத்தின் விரைவுப் பேருந்துத் தடமான ஜன்மார்கிலும் இதே வழிதான், சாலை நடுவே வண்டித் தரைக்குச் சமமான மேடை. ஜெர்மனியின் காசல் நகரத்துக்காரர்கள் இன்னும் எளிமையாக யோசித்தார்கள். நிறுத்தத்தின் விளிம்புக் கல்லையே உட்குழிவாக வார்த்தார்கள். டயர் அதில் உரசிக்கொண்டே வரும், கல் டயரைச் சேதப்படுத்தாது, டிரைவர் பயமில்லாமல் ஒட்டி நிறுத்தலாம். வெறும் கல்! பேட்டரி, செயலி, சென்சார் ஒன்றும் கிடையாது. பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. நம் ஊரில் பேருந்துக்கு ஒரு துறை, சாலைக்கு ஒரு துறை, நடைபாதைக்கு ஒரு துறை, நிழற்குடைக்கு விளம்பர ஒப்பந்தக்காரர். அந்தக் கல் யாருடைய கல் என்று முடிவாவதற்குள் வண்டியின் ஆயுள் முடிந்துவிடும்.

நம்மால் முடியாததும் இல்லை. 2019-இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தினார்களே, அங்கே போய் நின்று பாருங்கள். விளிம்பு ஒழுங்காக, உயரம் ஒழுங்காக, சாய்வுகள் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றன. துணிக்கடைக்குப் போகிறவர்களுக்காகச் செய்த ஏற்பாட்டைத் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்காக ஒரு நிறுத்தத்தில், வெறும் பதினைந்து மீட்டர் நீளத்துக்குச் செய்தால் போதும்.

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு மற்ற விஷயங்களுக்கு வருகிறேன்.

இருக்கைகள். சென்னை வழக்கப்படி இடப்பக்கம் பெண்களுக்கு. தாழ்தளத்தில் அகலமான நடுவாசல் அந்த இடப்பக்கத்தில்தான் வருகிறது, சில வரிசைகளை விழுங்கிவிட்டது. எதிர்ப்பக்கம் சக்கர நாற்காலிக்கான இடம் இருக்கிறது, ஆகவே ஆண்களும் அதே அளவுக்கு இழந்திருக்கிறார்கள் என்று நியாயமாகச் சொல்லவேண்டும். நின்றுகொண்டே வரும் நாளில் நியாயம் தோன்றுவதில்லை. பின்பாதிக்கு வண்டிக்குள்ளேயே படியேறவேண்டும். காலி இருக்கை எப்போதும் அங்கேதான் இருக்கும், மூட்டுவலிக்காரர்கள் எப்போதும் முன்னால்தான் நிற்போம். முன்பாதியில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இருபது வயதுகளை என்ன செய்வது என்று எந்தப் பொறியாளரும் கண்டுபிடிக்கவில்லை.

டிக்கெட். சென்னையில் கண்டக்டர் எழுந்து வரமாட்டார், காசுதான் அவரிடம் போகும். ஐந்து ரூபாய் நாணயம் ஆறேழு கை மாறிப் போய், டிக்கெட்டாக, சில்லறையோடு, அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். இந்த ஊரின் நாணயத்துக்கு இதைவிடச் சான்றிதழ் கிடையாது. இப்போது மெஷினும் யு.பி.ஐ.யும் வந்துவிட்டன. நாணயம் கைமாறியது போலப் போனைக் கைமாற்ற முடியாதே, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நாமே கண்டக்டரிடம் போகவேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று வந்த 'சென்னை ஒன்' செயலி இதைச் சரிசெய்கிறது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே க்யூ.ஆர்., நின்ற இடத்திலேயே எடுத்துவிடலாம். சைதாப்பேட்டையில் இறங்கி மெட்ரோ பிடிக்கும் நாளில் உண்மையிலேயே நிம்மதி. ஸ்மார்ட் போன் இல்லாத பூக்காரம்மா இன்னும் நாணயத்தைத்தான் நீட்டுகிறாள், கைகள் இன்னும் வாங்கி அனுப்புகின்றன. இரண்டும் இருக்கட்டும்.

அந்தப் பூக்காரம்மாவைப் பற்றி இன்னொன்று. ஏ.சி. வண்டி வந்து நிற்கும்போது அவள் ஏறமாட்டாள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, அரசின் விடியல் பயணத் திட்டம். முன்னும் பின்னும் ரோஸ் நிறம் பூசிய வண்டி எங்கே என்றுதான் அவள் கண் தேடும். அந்த ரோஸ் வண்டியோ பெரும்பாலும் பழைய உயரமான வண்டி. கூடையை முதலில் மேலே வைத்து, யாராவது பிடித்துக்கொள்ள, பிறகு தான் ஏறுவாள். தாழ்தளமும் ஏ.சி.யும் சேர்ந்து வந்த வண்டி, தாழ்தளம் அதிகம் தேவைப்படுகிறவளை விட்டுவிட்டுப் போகிறது. விடியல் பயணம் எத்தனை பெண்களை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்தது என்பதைத் தினமும் பார்க்கிறேன், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. இலவசம் எந்த வண்டியிலோ அந்த வண்டியின் தரையைத்தான் முதலில் இறக்கியிருக்கவேண்டும் என்பதுதான் என் சண்டை.

சுற்றுச்சூழல் பற்றிச் சொல்லாவிட்டால் என் மகன் விடமாட்டான். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மின்சார வண்டியில் புகை இல்லை, ஆனால் மின்சாரத்தில் கணிசமான பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது, புகை எண்ணூர்ப் பக்கம் போகிறது. லாபம் இருக்கிறது, விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு இல்லை. பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: அறுபது பேர் அறுபது ஸ்கூட்டியை வீட்டில் விட்டுவிட்டு வருவதில். அவர்கள் வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது பேட்டரியைப் பார்த்து இல்லை. நிறுத்தத்தில் நிற்க நிழல் உண்டா, வண்டி எப்போது வரும், இறங்கினால் கால் எங்கே படும், இவற்றைப் பார்த்துத்தான். பேருந்து பசுமையா என்று கேட்பவர்கள் ஒருநாள் என்னோடு துரைப்பாக்கத்தில் வந்து நிற்கட்டும்.

சரி, தோழிக்குப் பதில்.

இத்தனை வருஷத்தில் இந்த ஊருக்கு வந்த மிக நல்ல பேருந்து இதுதான். தரை, கதவு, சத்தம், குலுங்காத ஓட்டம், எதிலும் பெரிய குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. டீசல் தாழ்தளமும் நன்றாகத்தான் இருக்கிறது, மின்சாரம் அதைவிட ஒரு படி மேல். யாராவது உயரமான வண்டியே போதும் என்றால் சண்டைக்குப் போவேன்.

ஸ்கூட்டியை விற்காதே. மூட்டு நன்றாக இருக்கிறவள் நீ, உனக்கு அவசரமில்லை. ஐப்பசி கார்த்திகை முடியட்டும். உன் வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் ஒரு வாரம் காலையில் நின்று பார். வண்டி ஓரத்தை ஒட்டி நிற்கிறதா என்று மட்டும் கவனி. வண்டிக்குள்ளே எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லிவிட்டேன், அந்த ஓரத்தை நீதான் பார்க்கவேண்டும். ஒட்டி நின்றால் அன்றைக்கே ஸ்கூட்டியை ஏலம் விடு. நான் என்ன செய்கிறேன் என்று கேட்பாய். இந்த மாசமும் பாஸைப் புதுப்பித்துவிட்டேன், வேறு என்ன செய்ய, பழகிவிட்டது, அந்தச் சத்தமில்லாத அரைமணி நேரம் வேறெங்கும் கிடைப்பதில்லை.

பாஸ் விஷயம்: 1000 ரூபாய் பாஸ் ஏ.சி. வண்டிக்குச் செல்லாது. ஏ.சி.யும் வேண்டுமென்றால் 2000 ரூபாய் பாஸ் எடுக்கவேண்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதானால் காலை பதினொரு மணிக்கு மேல் கிளம்பு, அப்போது முன்பாதியில் உட்கார இடம் கிடைக்கும். நடுவாசலில் ஏற்று, அதுதான் அகலம். வண்டி தள்ளி நின்றால் கண்டக்டரிடம் "பெரியவங்க ஏறணும், கொஞ்சம் ஓரமா எடுங்க சார்" என்று கேள். பெரும்பாலும் எடுக்கிறார்கள். கேட்டால் எடுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.